சத்தம் எந்தப் பக்கம்?

எங்கள் காருக்கு என் வயதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். டொயோட்டா கொரோலா டீஎக்ஸ் வேகன். 1980களில் ஜப்பானில் செய்த வண்டி. இலங்கையில் டீஎக்ஸ் வேகன் என்றால் தெரியாதவர்கள் குறைவு. பின்னால் சாமான் ஏற்றலாம், ஆட்களையும் ஏற்றலாம், எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். வாப்பா இதை வைத்துத்தான் எங்களை வளர்த்தார். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை தளர்ந்த பிறகு மாமா வண்டியை எடுத்தார். காலையில் நான்கு ஆசிரியைகளை அலவத்துகொடைப் பக்கம் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவது, பகலில் திரும்பக் கூட்டி வருவது, இடையில் கிடைக்கும் ஹயர். நானா தோஹாவிலிருந்து அனுப்புவதும் இந்த ஹயர் காசும்தான் எங்கள் வீட்டு அடுப்பு.

பிங்கா ஓயா பெருகினால் அகுரணை டவுனுக்குள் தண்ணீர் வரும் என்பது இங்குள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி வந்த ஒரு நாளில் கார் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டது. சக்கரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர். அடுத்த நாள் மாமா கழுவித் துடைத்து, பிரேக்கைக் காயவைத்து ஓட்டத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் சத்தம் வந்தது.

தூரத்தில் மாவரைக்கும் மில் ஓடுவதுபோல ஓர் ஊளை. 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றும் கேட்காது. 40இல் தொடங்கும். 50இல் பேச்சுக் குரலை உயர்த்தவேண்டி வரும். டயர் தேய்ந்திருக்கிறது என்று மாமா சொன்னார். ஒரு சனிக்கிழமை நான் டியூஷனுக்குக் கட்டுகஸ்தோட்டை போகும்போது வாப்பாவும் கூட வந்தார். முன் சீற்றில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மகள், சத்தம் எந்தப் பக்கம்?"

எனக்குக் காருக்குள் முழுவதும் கேட்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் அந்த வீதியில் வளைவுகளுக்குக் குறைவில்லை. இடப்பக்கம் வளையும்போது ஊளை கூடுகிறது, வலப்பக்கம் வளையும்போது அடங்குகிறது என்பதை மூன்றாவது வளைவில் கவனித்தேன். இடப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் ஏறும். பௌதிகவியலில் வட்ட இயக்கம் படித்தபோது எத்தனையோ கணக்குச் செய்திருக்கிறேன், ஒன்றையும் காதால் கேட்டதில்லை. "வலது பக்கம் வாப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அன்று பின்னேரம் முற்றத்தில் வலது முன்சக்கரத்தை ஜக் வைத்து உயர்த்தினோம். வாப்பாவின் சோதனை இரண்டு. முதலாவது, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. மாமா ஆட்டினார், "டொக்" என்று சிறு ஆட்டம் தெரிந்தது. இரண்டாவது, சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு மற்றக் கையை மேலே உள்ள சுருள் ஸ்ப்ரிங்கில் வைப்பது. பெயாரிங் கெட்டிருந்தால் அந்தக் கரகரப்பு ஸ்ப்ரிங் வழியாகக் கைக்கு வரும்.

வாப்பா குந்தியிருந்து இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றினார். வலக்கையை ஸ்ப்ரிங்கில் வைத்தார். ஒரு நிமிடம் இருந்திருப்பார்.

"ஒண்டும் இல்ல. ஆட்டம் மட்டும்தான் ஈக்குது. நட்ட கொஞ்சம் இறுக்கினா சரி" என்றார்.

நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத்தான் வந்தேன். ஏனோ, என் கையையும் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். சக்கரம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. மணலைத் தகரத்தில் தேய்ப்பதுபோல என் உள்ளங்கையில் கரகரவென்றது. சந்தேகப்பட இடமே இல்லை. வாப்பாவின் விரல்கள் என் விரல்களிலிருந்து இரண்டு அங்குலத்தில், அதே ஸ்ப்ரிங்கில் இருந்தன. அவற்றுக்கு அது தெரியவில்லை.

அந்தக் கையில் பலம் குறைந்தது எங்களுக்குத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையை அவர் இடக்கையால்தான் எடுப்பார். உணர்வும் போயிருந்தது எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. சொல்வதா விடுவதா என்று நினைக்கும்போதே ஆட்டத்துக்காக நட்டை இறுக்கிக்கொண்டு நாளைக் காலையில் நான்கு ஆசிரியைகள் இந்தக் காரில் ஏறப்போகிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"ஈக்குது வாப்பா. கரகரங்குது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இடக்கையை ஸ்ப்ரிங்கில் வைத்து, என்னைச் சக்கரத்தைச் சுழற்றச் சொன்னார். சுழற்றினேன்.

"ஓ" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு சாப்பிடும்போதும் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.

கராஜுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம் என்று யாரும் நினைப்பீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு எல்லாக் கராஜிலும் வாகனங்கள் வரிசையில் நின்றன. அதோடு, வாப்பா படுக்கையில் இருந்த காலத்தில் இடப்பக்கப் பெயாரிங்கை ஓரிடத்தில் மாற்றினார்கள். கூரான உளியால் அடித்து ஏற்றியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்தக் கோபம் வாப்பாவுக்கு இன்னும் தீரவில்லை. "போயா அண்டைக்கு ஹயர் இல்ல. வீட்டுலயே செய்வோம்" என்றார். அதுவரை ஆசிரியைகளுக்காக வேறொருவரின் வேனை மாமா பேசிக்கொடுத்தார். அதில் எங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

இன்றைய கார்கள் பலவற்றில் பெயாரிங்கை ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். எங்களுடையது பழைய முறை. ஒரு சக்கரத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கூம்பு உருளைப் பெயாரிங்குகள். சிறு இரும்பு உருளைகள் சாய்வாக வட்டமாய் அடுக்கப்பட்டிருக்கும். அந்த வட்டம் கோன். அது உட்கார்ந்து சுழலும் வளையம் கப். சாய்வாக இருப்பதால் மேலிருந்து வரும் பாரத்தையும் வளைவில் பக்கவாட்டாக வரும் பாரத்தையும் ஒன்றாகத் தாங்கும். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டி திரும்பும்போது அச்சில் ஏற்படும் உராய்வுதான் அவருக்குப் பிரச்சினையாம். கட்டுகஸ்தோட்டை வளைவில் எனக்குக் கேட்டதும் அந்தப் பிரச்சினைதான்.

மாமா கண்டிக்குப் போய் வாங்கி வந்தார். வண்டியின் பெயரைவிடப் பெயாரிங்கில் பொறித்திருக்கும் எண்தான் முக்கியம் என்று வாப்பா பழைய பெட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தனுப்பினார். நல்ல கம்பனியின் பெட்டிக்குள் போலிச் சாமான் வருவதும் உண்டு, ஆகவே எழுத்துத் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். ஒரு பக்கத்துப் பெயாரிங்குகள், ஒரு டின் கிறீஸ், ஒயில் சீல் இரண்டு, ஸ்ப்ளிட் பின் நான்கு. தேவைப்படுவது ஒரு சீலும் ஒரு பின்னும்தான். ஏன் கூடுதலாக என்று நான் கேட்கவில்லை.

புதிய கப் இரண்டையும் பொலித்தீன் பையில் சுற்றி முதல் நாள் இரவே ஃப்ரீசருக்குள் வைத்தேன். சஹருக்கு எழும்பிய உம்மும்மா (அவர் திங்கள், வியாழன் நோன்பை விடமாட்டார்) இறைச்சிப் பொதிக்குப் பக்கத்தில் இரும்பு வளையத்தைக் கண்டு, "இத எப்ப ஆக்கப் போற?" என்று கேட்டார்.

குளிரில் கப் சுருங்கும், வெந்நீரில் ஹப் விரியும். எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். கப்பின் விட்டம் சுமார் 45 மில்லிமீற்றர். உருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு நீளத்தில் மில்லியனில் 12 பங்கு மாறும். 28 பாகையிலிருந்து மறை 18க்கு இறங்கினால் 0.025 மில்லிமீற்றர் சுருக்கம். ஹப்பை 80 பாகைக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட அதேயளவு விரிவு. இரண்டும் சேர்ந்து 0.05. ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. இதற்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றியது. வாப்பாவிடம் தாளைக் காட்டினேன். "அது போதும்" என்றார்.

போயா நாள் காலை வேலை தொடங்கியது. மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், கழற்றவும் தெரியும். திரும்பப் பூட்டினால் இரண்டு நட்டு மிஞ்சும் என்று உம்மா சொல்வார். அதனால் பலம் தேவையான இடம் மாமாவுக்கு, மற்றது எனக்கு, வாப்பா கதிரையில். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். ஜக்கை மட்டும் நம்பக்கூடாது என்று பலா மரக்குற்றி ஒன்றையும் அடியில் வைத்தோம். செங்கல் வைக்கவே கூடாது, பாரத்தில் சொல்லாமல் உடையும். பிரேக் கெலிப்பரின் இரண்டு போல்ட்டை மாமா கழற்றினார். அதைத் தொங்கவிட்டால் பிரேக் ஒயில் குழாய் கெடும், ஆகவே கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டினேன். மூடியைத் தட்டி எடுத்து, ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைக் கழற்றி ஹப்பை அசைத்ததும் வெளிப் பெயாரிங் தானாக என் கையிலிருந்த துணிக்குள் விழுந்தது. கிறீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது உள் கப்பில் துருக்கறை வரிவரியாக, ஓர் உருளைக்கும் அடுத்த உருளைக்கும் உள்ள இடைவெளியில் விழுந்திருந்தது. சில இடத்தில் நகம் தட்டும் அளவுக்குக் குழி.

அந்நேரம் மதிலுக்கு அப்பால் நின்ற ஒருவர் (உறவுதான், அதனால் பெயர் வேண்டாம்) "பொம்புளப் புள்ளய வெச்சா இந்த வேல செய்ற?" என்று வாப்பாவைக் கேட்டார். "மகன் தோஹாவுல. வர்றண்டா டிக்கட் எடுத்துக் குடுங்க" என்று வாப்பா சொன்னார். அவர் போய்விட்டார்.

பழைய கப்பை வெளியே எடுப்பதற்கு கராஜில் இழுவைக் கருவி இருக்கும். எங்களிடம் இருந்தது பழைய வீட்டுக் கதவின் பித்தளைத் தாழ்ப்பாள் கம்பி. ஹப்பின் மற்றப் பக்கத்தால் அதை நுழைத்து, கப்பின் விளிம்பில் ஒரு தட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒரு தட்டு. ஒரே பக்கத்தில் அடித்தால் சாய்ந்து இறுகிவிடும். பித்தளை மிருதுவானது, ஹப்பைக் காயப்படுத்தாது. அரை மணித்தியாலத்தில் இரண்டும் வந்தன.

"உள்ளுக்கு நல்லாத் துடைச்சா? கப் உக்கார்ற இடத்த?" என்று வாப்பா கேட்டார்.

"ஓம் வாப்பா" என்றேன்.

மேலோட்டமாகத் துடைத்திருந்தேன். டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை. ஹப்பின் சூடு ஆறிவிடுமே என்ற அவசரம். கேத்தலில் கொதித்த வெந்நீரை ஊற்றித் துணியால் ஒற்றி எடுத்து, ஃப்ரீசரிலிருந்து கப்பைக் கொண்டுவர உம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தேன்.

வெளிக் கப் பாதி தூரம் தானாக இறங்கியது. தலைமயிரிலும் குறைந்த அந்த அளவுக்கு அவ்வளவு பெறுமதி. பழைய கப்பை அதன் மேல் கவிழ்த்து வைத்து அடித்தால் அடி சுற்றிவரச் சமமாக விழும், புதியதன் வழுவழுப்பான முகத்திலும் படாது. விளிம்பு மட்டத்துக்கு வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பியால் சுற்றிச்சுற்றித் தட்டினேன். கப் அடியில் போய் உட்காரும்போது சுத்தியலின் சத்தம் மாறும். "டொக் டொக்" என்று மந்தமாக இருந்தது "டங்" என்று மணிபோல் ஒலிக்கும். உள் கப்பும் அப்படியே. "டங்" கேட்டது. வாப்பா தலையைச் சற்றுச் சாய்த்து, "இன்னொருக்கா" என்றார். திரும்பவும் அடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கிறீஸ் பூசுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. இடது உள்ளங்கையில் ஒரு கட்டி கிறீஸை வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் வழித்து அழுத்த வேண்டும். உருளைகளுக்கு இடையால் மறுபக்கம் சின்னச் சின்னப் புழுப்போல கிறீஸ் வெளியே வரும்வரை ஒவ்வோர் இடமாக. இதற்கு இரண்டு கையும் வேண்டும். வாப்பா கதிரையிலிருந்து தன் இடது கையைக் குவித்து வைத்துக் காட்டினார், மற்றக் கையில்லாமல்.

ஒயில் சீலை மரத்துண்டு வைத்துத் தட்டி ஏற்றி, ஹப்பை அச்சில் மாட்டி, வொஷர், நட்டு. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் படிந்ததும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்க வேண்டும். கூட இறுக்கினால் பெயாரிங் சூடேறி எரியும், குறைந்தால் சக்கரம் ஆடும். டொயோட்டாவின் முறையில் இதை அளக்க ஒரு ஸ்ப்ரிங் தராசு பயன்படும். சக்கர போல்ட் ஒன்றில் கொளுவி இழுத்து, ஹப் அசையத் தொடங்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பது. ஒரு கிலோகிராமுக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். உம்மும்மாவிடம் மிளகும் கராம்பும் நிறுத்து விற்ற காலத்துச் சின்னத் தராசு இருந்தது. தந்தார், கிறீஸ் படாமல் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

அஸருக்கு முன் மாமா காரை எடுத்து அலவத்துகொடைப் பக்கம் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினார். ஊளை இல்லை. உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லித் தேத்தண்ணி ஊற்றப் போனார். எனக்கு உயரத்தில் பறப்பதுபோல இருந்தது. வாப்பா மட்டும், "ஹப்பத் தொட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும்" என்றார்.

இடப்பக்கம் இளஞ்சூடு. வலப்பக்கம் கையை வைத்திருக்க முடியவில்லை.

திரும்ப ஜக் வைத்து உயர்த்தினோம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டொக். காலையில் இருந்த அதே ஆட்டம்.

மாமா நட்டைக் குறை சொன்னார். பெயாரிங் போலி என்றார். கடைக்காரனை ஏசினார். நான் பேசாமல் நின்றேன். பிறகு, "வாப்பா, நான் டோர்ச் அடிச்சுப் பாக்கல்ல. துடைச்ச எண்டு சும்மா சென்ன" என்றேன். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக் காலை அந்த வேகத்தில், அந்த வளைவுகளில் ஓட்டவேண்டியவர் அவர்.

வாப்பா ஏசுவார் என்று நினைத்தேன். "கழட்டுங்க" என்றார்.

உள் கப்பை எடுக்கச் சீலைக் கிளப்பவேண்டும், கிளப்பினால் அது வளைந்து வீணாகும். வீணானது. அப்போதுதான் இரண்டாவது சீல் எதற்கு என்று விளங்கியது. கப்பை வெளியே தட்டி எடுத்து டோர்ச் அடித்தேன். அது உட்காரும் தோளில் ஒரு பித்தளைச் சிராய், நகத்துண்டு அளவுகூட இல்லை. காலையில் என் கம்பியிலிருந்து உரிந்தது. கப் அதன்மேல் ஒரு பக்கம் உயர்ந்து சாய்வாக இருந்திருக்கிறது. ஓடும்போது பித்தளை நசுங்க, கப் கீழிறங்க, நட்டு தளர்ந்துவிட்டது. "டங்" என்று கேட்டதும் உண்மைதான், மற்றப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

சிராயை எடுத்து வாப்பாவின் இடது கையில் வைத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கப்பின் முகத்தில் காயமில்லை என்று விரலால் தடவிப் பார்த்து, அதையே போடலாம் என்றார். இம்முறை குளிரவைக்க நேரமில்லாததால் முழுத் தூரமும் அடித்தே ஏற்ற வேண்டியிருந்தது. தோள் வலித்தது. சுற்றிவர டோர்ச் அடித்து, இடைவெளி எங்கும் இல்லை என்று நான் சொன்னபோது, "மாமாட்டயும் காட்டுங்க" என்றார். மாமா குனிந்து பார்த்தார். அவர் இதுவரை எந்தப் பெயாரிங்கையும் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டார்.

எல்லாம் பூட்டி, ஓட்டிப் பார்த்து, இரண்டு ஹப்பும் ஒரே சூடாக இருப்பதைத் தொட்டுப் பார்த்து முடிந்தபோது மஃரிபுக்கு அதிக நேரமில்லை. நகத்துக்குள் கிறீஸ் இருந்தால் வுழூவின் தண்ணீர் தோலில் படாது. சீனியையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் சேர்த்துத் தேய்த்தேன், உம்மா பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு நகமாகக் கழுவிவிட்டார். வாப்பா தன் வலக்கையைக் குழாயின் கீழே நீட்டிக்கொண்டு, இடக்கையால் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். அதில் கிறீஸ் இருக்கவில்லை.

தொழுதுவிட்டு வந்து அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துத் தந்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து செய்த வேலைகள் எல்லாம் அதில் இருந்தன. திகதி, மீற்றர், என்ன மாற்றியது. கடைசிப் பதிவு மூன்று வருடத்துக்கு முன்னையது. அடுத்த வரியில் நான் எழுதினேன்: முன் வலது, உள், வெளிப் பெயாரிங், சீல்.

"ரெண்டு தரம் கழட்டினது எண்டும் எழுதுங்க" என்றார் வாப்பா. எழுதினேன்.